கலிபோர்னியால லைசன்ஸ் வச்சிருக்கற காண்ட்ராக்டர் வீட்டு வேலையைச் சொதப்பிட்டா அவர் லைசன்ஸ் மேல நடவடிக்கை எடுக்கறது எப்படி: முழுமையான வழிகாட்டி

பாத்ரூம் ரீமாடல், கிச்சன், புது ரூஃப், கராஜை ஏடியூ (அதே மனையில இன்னொரு சின்ன குடியிருப்பு) ஆக்கறது, எதுவா இருந்தாலும் வேலை சொதப்பிட்டா நம்மாளுங்க வழக்கமா பண்றது ரெண்டு விஷயம். ஒண்ணு காண்ட்ராக்டருக்கு விடாம போன் அடிக்கறது, அவர் எடுக்கறத நிறுத்தினதும் வாட்ஸ்அப் க்ரூப்ல "நல்ல வக்கீல் யாராவது தெரியுமா"ன்னு கேக்கறது. வக்கீல் ஃபீஸைக் கேட்டதும் பாதி பேர் போனது போகட்டும்னு விட்டுடறாங்க. இது ரெண்டுக்கும் நடுவுல காசு செலவில்லாத ஒரு வழி இருக்கு, சி.எஸ்.எல்.பி.-ன்னு சொல்ற காண்ட்ராக்டர்ஸ் ஸ்டேட் லைசன்ஸ் போர்டு. 1929-ல ஆரம்பிச்ச போர்டு, மாநிலத்துல கட்டட வேலை பாக்கற அத்தனை லைசன்ஸும் இவங்க கையிலதான் இருக்கு.

ஆனா ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன், இதைப் புரிஞ்சுக்காம போறவங்கதான் கடைசில போர்டைத் திட்டிட்டு வராங்க. போர்டு உங்க வக்கீல் கிடையாது. உங்க காசை வாங்கிக் குடுக்கறது அவங்க முதல் வேலையும் கிடையாது. லைசன்ஸ் வச்சிருக்கவர் காண்ட்ராக்டர் சட்டத்தை மீறினாரா இல்லையா, இது ஒண்ணுதான் அவங்க கேள்வி. உங்க காசு அந்த வழில வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். அதனால லைசன்ஸ் கம்ப்ளைண்ட் ஒரு தண்டவாளம், பணம் இன்னொரு தண்டவாளம், ரெண்டையும் சேர்த்து ஓட்டணும், எது எந்த இடத்துல இன்னொண்ணுக்கு உதவுதுன்னு தெரிஞ்சு ஓட்டணும். கீழ எழுதியிருக்கறது அந்த வரிசைதான்.

முதல்ல லைசன்ஸைத் தேடிப் பாருங்க

கோவத்துல கம்ப்ளைண்ட் ஃபார்மைத் திறக்கறதுக்கு முன்னாடி போர்டு வெப்சைட்ல லைசன்ஸ் செக் பண்ற பக்கத்துக்குப் போங்க. காண்ட்ராக்ட்ல, பிசினஸ் கார்டுல, விளம்பரத்துல எல்லாம் லைசன்ஸ் நம்பர் போட்டிருக்கணும்கறது சட்டம், அதைப் போட்டுத் தேடுங்க. அங்க பாக்க வேண்டியது: லைசன்ஸ் ஆக்டிவா இருக்கா, காண்ட்ராக்ட்ல இருக்கற பேரும் லைசன்ஸ்ல இருக்கற பேரும் ஒண்ணா, என்ன க்ளாஸ், பாண்ட் (அவர் சட்டத்தை மீறினா பாதிக்கப்பட்டவங்களுக்கு ஈடு குடுக்க ஒரு கம்பெனி தர உத்தரவாதம்) எந்த கம்பெனி, வொர்க்கர்ஸ் காம்ப் இன்ஷூரன்ஸ் (வேலையாளுக்கு அடிபட்டா குடுக்கறது) இருக்கா, இதுக்கு முன்னாடி ஏதாவது நடவடிக்கை உண்டா. எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து தேதியோட வச்சுக்கங்க, நாளைக்கு இந்தப் பக்கம் மாறும்.

க்ளாஸ் ஏன் முக்கியம்னா, பி-ன்னு இருந்தா ஜெனரல் பில்டிங், சி-10 எலக்ட்ரிக்கல், சி-36 ப்ளம்பிங், சி-39 ரூஃபிங், சி-54 டைல். டைல் லைசன்ஸ் மட்டும் வச்சுக்கிட்டு உங்க பேனலைப் பிரிச்சு வயரிங் பண்ணியிருந்தா அதுவே ஒரு மீறல்.

பேர் பொருந்தலைன்னாலோ, வேலை நடந்த காலத்துல லைசன்ஸ் சஸ்பென்ஷன்ல இருந்திருந்தாலோ (வொர்க்கர்ஸ் காம்ப் லாப்ஸ் ஆனதால இப்படி ஆகறது சகஜம்) கதையே வேற. கலிபோர்னியால 2025 ஜனவரில இருந்து 1,000 டாலர் வரைக்கும்தான் லைசன்ஸ் இல்லாம சின்ன வேலை பண்ணலாம், அதுவும் பெர்மிட் தேவைப்படாத, ஆள் வைக்காத வேலையா இருந்தாத்தான். அதுக்கு முன்னாடி அந்த வரம்பு 500 டாலர். அதை மீறி லைசன்ஸ் இல்லாம வேலை பண்ணினவர் உங்ககிட்ட பாக்கியைக் கேட்டு கோர்ட்டுக்கு வர முடியாது, அதோட காண்ட்ராக்டர் சட்டத்தோட 7031-ங்கற பிரிவுல நீங்க அவருக்குக் குடுத்த மொத்தப் பணத்தையும் திருப்பிக் கேட்டு கேஸ் போடலாம், வேலை நல்லா இருந்தாலும் கூட. இதுக்கு டைம் ரொம்பக் கம்மி, வேலை முடிஞ்சு ஒரு வருஷம். அந்த மாதிரி கேஸ்னா இந்த வழிகாட்டியைப் பாதில விட்டுட்டு நேரா வக்கீல்கிட்ட போங்க.

ரீமாடலா, புது வீடா

இது ரெண்டும் வேற வேற பாதை. ரீமாடல், அடிஷன், ஏடியூ மாதிரி நீங்களே காண்ட்ராக்டரைப் பிடிச்சுப் பண்ணின வேலைன்னா இதுல இருக்கறது முழுக்க உங்களுக்குத்தான்.

பெரிய பில்டர்கிட்ட புதுசா கட்டின வீடோ காண்டோவோ வாங்கியிருந்தீங்கன்னா எஸ்.பி. 800-ன்னு ஒரு சட்டம் இருக்கு. 2003 ஜனவரி 1-லேர்ந்து விக்கற புது வீடுகளுக்கு அது பொருந்தும். அதுல கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பில்டருக்கு முறையா நோட்டீஸ் குடுக்கணும், ரிப்பேர் பண்ண வாய்ப்பு குடுக்கணும். நோட்டீஸ் கிடைச்ச 14 நாளுக்குள்ள பில்டர் ஒப்புகை அனுப்பணும், அதுக்கப்புறம் 14 நாளுக்குள்ள முதல் இன்ஸ்பெக்ஷனை முடிக்கணும். எந்தக் குறைக்கு எத்தனை வருஷம்னும் அந்தச் சட்டமே பிரிச்சு வச்சிருக்கு: டைல், பெயிண்ட் ஃபினிஷ் மாதிரி மேலோட்டமான சமாச்சாரத்துக்கு பில்டர் எழுதித் தர வாரண்டி குறைஞ்சது 1 வருஷம், ப்ளம்பிங், சீவர், எலக்ட்ரிக்கல் 4 வருஷம், தண்ணி உள்ள வரது, ஃபவுண்டேஷன் மாதிரி பெரிய விஷயங்கள் 10 வருஷம். இந்த முறையைத் தாண்டிட்டு நேரா கேஸ் போட முடியாதுன்னு மாநில சுப்ரீம் கோர்ட்டே 2018-ல சொல்லிடுச்சு. பில்டர் மேல போர்டுல கம்ப்ளைண்ட் குடுக்கறதுக்கு இது தடை இல்ல, ஆனா பணத்துக்கான பாதை இதுதான்.

காலக்கெடு

போர்டுக்கு கம்ப்ளைண்ட் போக வேண்டியது தப்பு நடந்ததுலேர்ந்து 4 வருஷத்துக்குள்ள. வெளில தெரியாம உள்ள மறைஞ்சிருக்கற ஸ்ட்ரக்சரல் குறைன்னா 10 வருஷம். கோர்ட்டும் கிட்டத்தட்ட இதே கணக்குலதான் பாக்கும், கண்ணுக்குத் தெரியற குறைக்கு வேலை முடிஞ்சதுலேர்ந்து 4, மறைஞ்ச குறைக்கு அதிகபட்சம் 10. "வாரண்டி ஒரு வருஷம்தான், முடிஞ்சு போச்சு"ன்னு காண்ட்ராக்டர் சொல்லுவார், அது அவர் தர வாரண்டி, போர்டோட கெடு அது இல்ல. அதுக்காக நாலு வருஷம் இருக்கேன்னு உக்காந்துடாதீங்க, நாளாக நாளாக "நீங்க சரியா மெயின்டெய்ன் பண்ணல"ங்கற பதில் கனமாகிட்டே போகும்.

ஆதாரம் சேக்கறது

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா இருங்க, பாதி கேஸ் இங்கதான் ஜெயிக்கறதும் தோக்கறதும்.

போர்டு ஆளுங்க பாக்கறது வேலை அழகா இருக்கா இல்லையான்னு இல்ல. அதே சட்டத்தோட 7109-ங்கற பிரிவு ரெண்டு கேள்வி கேக்குது: அந்தத் தொழில்ல ஒத்துக்கிட்ட தரத்துக்கு வேலை நடந்திருக்கா, ப்ளான்லயும் ஸ்பெக்லயும் இருந்தபடி நடந்திருக்கா. அதனால "டைல் கலர் நான் நினைச்ச மாதிரி இல்ல"ன்னு எழுதினா ஒண்ணும் நடக்காது. "ஷவர் தரை ட்ரெயினைப் பாத்து ஒரு அடிக்கு கால் இஞ்ச் சரிவு இருக்கணும், இங்க சரிவே இல்ல, ஓரத்துல தண்ணி நிக்குது, லெவல் வச்ச ஃபோட்டோ இதோ"ன்னு எழுதினா அது மீறல்.

ஃப்ரீமாண்ட்ல தெரிஞ்ச குடும்பம் ஒண்ணு. மாடி பாத்ரூம் ரீமாடல் முடிஞ்சு கொஞ்ச மாசத்துல கீழ ஹால் சீலிங்ல மஞ்சளா ஒரு வட்டம். காண்ட்ராக்டர் வந்து பாத்துட்டு "க்ரவுட்டுக்கு சீலர் அடிச்சா சரியாயிடும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். க்ரவுட் தண்ணியை நிறுத்தற சாமானே இல்ல, டைலுக்கு அடியில தண்ணி புகாம போடற பேன்தான் நிறுத்தணும், அது ஹாட் மாப்பா (சூடான தார் பூச்சு) இருந்தாலும் சரி லைனர் ஷீட்டா இருந்தாலும் சரி. அவங்க ட்ரெயினை டெஸ்ட் ப்ளக் வச்சு அடைச்சு, ஷவர் தரைல தண்ணி நிரப்பி, தண்ணி மட்டத்துல நீல பெயிண்டர் டேப்பை ஒட்டி, அந்த டேப் மேல பேனாவால தேதியும் நேரமும் எழுதி ஃபோட்டோ எடுத்தாங்க. அடுத்த நாள் அதே நேரத்துக்குப் பாத்தா தண்ணி டேப்புக்கு ஒரு விரல் கீழ, சீலிங்ல வட்டம் பெருசாயிருந்தது. அந்த ரெண்டு ஃபோட்டோ பக்கம் பக்கமா எழுதின இமெயிலை விட வேலை செஞ்சுது. பின்னாடி கர்பை (ஷவர் வாசல்ல இருக்கற சின்னத் திண்டு) திறந்து பாத்தப்ப லைனர் வழியா ஆணி அடிச்சிருந்தாங்க, ஷவருக்குள்ள இருக்கற பக்கத்துலயே.

இதுலேர்ந்து எடுத்துக்க வேண்டியது, ஃபோட்டோல அளவு தெரியணும். விரிசல்னா பக்கத்துல டேப் மெஷர். ஸ்டக்கோ மண்ணுக்குள்ள புதைஞ்சிருந்தா (ஸ்டக்கோ அடியில தண்ணி வடியறதுக்கு வைக்கற வீப் ஸ்க்ரீட்ங்கற பட்டை மண்ணுலேர்ந்து 4 இஞ்ச், காங்க்ரீட் தளத்துலேர்ந்து 2 இஞ்ச் மேல இருக்கணும்) அந்த இடத்துல அளவுகோல். முதல்ல தூரத்துலேர்ந்து எந்த ரூம் எந்தச் சுவர்னு தெரியற மாதிரி ஒண்ணு, அப்புறம் கிட்ட போய் ஒண்ணு.

காகிதங்கள்ல காண்ட்ராக்ட், சேஞ்ச் ஆர்டர்கள் (நடுவுல வேலையை மாத்தி எழுதின பேப்பர்), ப்ளான், பெர்மிட் கார்டு, செக் நகல்கள், ஸெல் (Zelle) ட்ரான்ஸ்ஃபர் ரெக்கார்டு, டெக்ஸ்ட் மெசேஜ் எல்லாம் வேணும். டெக்ஸ்ட் மெசேஜை ஃபோன் நம்பர் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. என்னிக்கு எவ்வளவு குடுத்தீங்க, அன்னிக்கு வேலை எந்த நிலைல இருந்துச்சுன்னு ஒரே பக்கத்துல ஒரு டேபிள் போடுங்க.

இந்த டேபிள் எதுக்குன்னு கேட்டா, என்னோட அபிப்ராயத்துல நிறைய பேர் கவனிக்காம விடற விஷயம் இதுதான். வேலைத் தரம் சரியில்லைன்னு நிரூபிக்க நிபுணர் வேணும், எதிர்த்தரப்பு இன்னொரு நிபுணரைக் கூட்டிட்டு வரலாம். ஆனா சில மீறல்களுக்கு நிபுணரே வேண்டாம், காகிதமே போதும். ஹோம் இம்ப்ரூவ்மெண்ட் காண்ட்ராக்ட்ல டவுன் பேமெண்ட் காண்ட்ராக்ட் தொகைல 10 சதவீதம் இல்லன்னா 1,000 டாலர், இதுல எது கம்மியோ அதுக்கு மேல வாங்கக் கூடாது. 60,000 டாலர் வேலைக்கு "மெட்டீரியல் ஆர்டர் பண்ணணும்"னு 15,000 அட்வான்ஸ் வாங்கியிருந்தா உங்க செக்கே சாட்சி. ஸ்பெஷல் பாண்ட் போட்டு வச்சிருக்கற சில காண்ட்ராக்டர்களுக்கு மட்டும் இதுல விலக்கு உண்டு, லைசன்ஸ் பக்கத்துல அது தெரியும். அதுக்கப்புறம் வாங்கற தவணையும் அதுவரைக்கும் முடிஞ்ச வேலையோட மதிப்பைத் தாண்டக் கூடாது. பெர்மிட் எடுக்க வேண்டிய வேலைக்கு எடுக்கலைன்னா அதுவும் தனி மீறல், சிட்டி பில்டிங் டிபார்ட்மெண்ட்ல உங்க அட்ரஸைப் போட்டுத் தேடினா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

பெர்மிட்னு சொன்னதும் ஞாபகம் வருது, "ஓனர் பில்டரா நீங்களே பெர்மிட் எடுத்துக்கங்க சார், சீக்கிரம் கிடைக்கும், ஃபீஸும் மிச்சம்"னு ஒரு காண்ட்ராக்டர் சொன்னா அங்கயே உஷாராகிடுங்க. அதுல கையெழுத்து போட்டா வேலைக்குப் பொறுப்பு நான்தான்னு சிட்டிகிட்ட நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி. ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா அவர் அப்படிச் சொன்ன மெசேஜைத் தேடி எடுத்து வைங்க.

இன்னொண்ணு, சிட்டி இன்ஸ்பெக்டர் ஃபைனல் சைன் பண்ணிட்டார்ங்கறது வேலை நல்லா இருக்குன்னு சர்டிஃபிகேட் இல்ல. அவர் பாக்கறது குறைஞ்சபட்ச கோட், அதுவும் வந்து நிக்கற கொஞ்ச நேரத்துல கண்ணுக்குத் தெரியறது. காண்ட்ராக்டர் இதையே கேடயமாத் தூக்குவார், கவலைப்படாதீங்க.

காண்ட்ராக்டருக்கு எழுத்துல சொல்லுங்க

போர்டு கேக்கற முதல் கேள்வியே "அவருக்குச் சொன்னீங்களா, சரி பண்ண வாய்ப்பு குடுத்தீங்களா"ன்னுதான். போன்ல நூறு தடவை சொன்னதுக்கு மதிப்பு கிடையாது. இமெயிலும் சர்டிஃபைட் மெயிலும் சேர்த்து அனுப்புங்க, லைசன்ஸ்ல பதிவாகியிருக்கற அட்ரஸுக்கே. குறைகளை நம்பர் போட்டு எழுதுங்க, ஒவ்வொண்ணுக்கும் ஃபோட்டோ, எந்தத் தேதிக்குள்ள வந்து பாக்கணும், எப்படி சரி பண்ணப் போறார்னு எழுத்துல பதில் வேணும்னு கேளுங்க.

திட்டாதீங்க. அதைவிட முக்கியமா "இத்தனை டாலர் திருப்பித் தரலைன்னா லைசன்ஸ் போர்டுக்குப் போவேன்"னு எழுதாதீங்க. கம்ப்ளைண்ட் குடுக்கறது உங்க உரிமை, அதைப் பணத்துக்குப் பேரமா வச்சு எழுதினா நாளைக்கு அவரோட வக்கீல் அதை மிரட்டல்னு தூக்கிக் காட்டுவார். குடுக்கறதா இருந்தா குடுத்துடுங்க, முன்கூட்டியே மிரட்ட வேண்டாம்.

அவர் ஆள் அனுப்பறேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லாதீங்க, எரிச்சலா இருந்தாலும் ஒரு தடவை விடுங்க. ஆனா என்ன பண்ணப் போறார்னு எழுதி வாங்கிட்டு விடுங்க, வெறுமனே மேல காக் அடிச்சு மறைச்சுட்டுப் போறதுக்கு இல்ல. அப்புறம், இன்னொருத்தரைக் கூட்டிட்டு வந்து எல்லாத்தையும் இடிச்சு சரி பண்ணிட்டு அதுக்கப்புறம் கம்ப்ளைண்ட் குடுக்கறவங்க இருக்காங்க, நிபுணர் வந்து பாக்க அங்க ஒண்ணுமே மிஞ்சாது. தண்ணி ஒழுகிட்டே இருக்கு, அவசரமா நிறுத்தியே ஆகணும்னா அது நியாயம்தான், அப்ப பிரிக்கப் பிரிக்க வீடியோ எடுங்க, எடுத்த துண்டுகளைத் தூக்கிப் போடாம கவர்ல போட்டு வைங்க, புதுசா வந்தவர்கிட்ட அவர் பாத்ததை லைசன்ஸ் நம்பரோட எழுதி வாங்குங்க.

கம்ப்ளைண்ட் எழுதறது

ஆன்லைன்லயே ஃபார்ம் இருக்கு, தபால்லயும் அனுப்பலாம், ஃபீஸ் இல்ல. இதுல நம்மாளுங்க பண்றது, மகாபாரதம் மாதிரி ஆதிலேர்ந்து ஆரம்பிச்சு காண்ட்ராக்டர் மச்சான் வந்து பேசினது வரைக்கும் எழுதறது. அங்க உக்காந்து படிக்கறவர் மேஜைல இதே மாதிரி நிறைய ஃபைல் இருக்கும். ஒரு பக்கம், மிஞ்சினா ரெண்டு பக்கம்.

காண்ட்ராக்ட் தேதி, மொத்தத் தொகை, குடுத்தது எவ்வளவு, வேலை எப்ப ஆரம்பிச்சு எப்ப நின்னுச்சு. அப்புறம் குறைகள், ஒவ்வொண்ணும் ரெண்டு வரி: காண்ட்ராக்ட்ல என்ன இருந்துச்சு, என்ன நடந்திருக்கு, எந்த ஃபோட்டோ. அப்புறம் காகித மீறல்கள், அட்வான்ஸ், பெர்மிட். வேலையைப் பாதில போட்டுட்டுப் போயிருந்தா 'அபாண்டன்மெண்ட்'ங்கற வார்த்தையைப் போட்டு கடைசியா ஆள் வந்த தேதியைக் குடுங்க, அது 7107-ங்கற பிரிவு, தனிக் குற்றச்சாட்டு. கடைசில சரி பண்ண எவ்வளவு ஆகும்னு வேற ஒரு லைசன்ஸ் காண்ட்ராக்டர் குடுத்த எஸ்டிமேட். "அவன் ஒரு ஃப்ராடு"ங்கற வரி எங்கயும் வேண்டாம்.

உள்ள என்ன நடக்கும்

முதல்ல ஒரு கன்ஸ்யூமர் சர்வீசஸ் ஆபீசர் கையில போகும். அவர் ரெண்டு பக்கமும் பேசி சமாதானமா முடிக்கப் பாப்பார். நிறைய கேஸ் இங்கயே முடிஞ்சுடும், ஏன்னா உங்க போனை எடுக்காத அதே ஆள் போர்டுலேர்ந்து கடிதம் வந்தா எடுப்பார். இது தோல்வின்னு நினைக்க வேண்டாம், எழுத்துல வந்து வேலையோ பணமோ நிஜமா நடந்தா நல்ல முடிவுதான்.

முடியலைன்னா, தொகை ஒரு வரம்புக்குள்ள இருந்து காண்ட்ராக்டர் மேல பழைய ரெக்கார்டு இல்லாம இருந்தா போர்டோட ஆர்பிட்ரேஷனுக்கு (கோர்ட்டுக்கு வெளில நடுவர் ஒருத்தர் தீர்ப்பு சொல்றது) அனுப்பலாம். ஆர்பிட்ரேட்டர் செலவை போர்டே ஏத்துக்கும், ஒரு நிபுணரோட செலவையும். தீர்ப்புப்படி காண்ட்ராக்டர் நடக்கலைன்னா லைசன்ஸ் தானா சஸ்பெண்ட் ஆகும், அதுக்கப்புறமும் நடக்காம விட்டா தானா ரத்து. இதுக்காகவே எனக்கு இந்த வழி பிடிக்கும், தீர்ப்பை வாங்கிட்டு காசுக்கு அலையற வேலை கம்மி. பதிலுக்கு நீங்க விட்டுக் குடுக்கறது என்னன்னா, அந்தத் தீர்ப்பு உங்களையும் கட்டும், அதே விஷயத்துக்கு அப்புறம் கோர்ட்டுக்குப் போக முடியாது. உங்க நஷ்டம் பெருசு, இன்னும் பிரிச்சே பாக்காத இடம் நிறைய இருக்குன்னா கையெழுத்துக்கு முன்னாடி யோசிங்க.

அதுக்கு மேல போனா என்ஃபோர்ஸ்மெண்ட் ஆபீசர் விசாரணை. உங்க வீட்டுக்கு போர்டு அனுப்பற இண்டஸ்ட்ரி எக்ஸ்பர்ட் வருவார், வேலை தரத்துல இருக்கா, சரி பண்ண எவ்வளவு ஆகும்னு ரிப்போர்ட் எழுதுவார். அன்னிக்கு நீங்க கூட இருங்க, கம்ப்ளைண்ட்ல எழுதின குறைகளை நம்பர் வரிசைல காமிங்க, நடுவுல புதுசு புதுசா சேக்காதீங்க.

விசாரணை முடிஞ்சு மீறல் இருக்குன்னு ஆச்சுன்னா அடிக்கற அடி பல அளவுல இருக்கு. ரொம்ப லேசானது கண்டிச்சு ஒரு கடிதம். அடுத்தது சைட்டேஷன், அபராதம் போடும், அதுலயே 'ஆர்டர் ஆஃப் கரெக்ஷன்'னு உங்களுக்கு வேலையைச் சரி பண்ணணும் இல்ல இவ்வளவு பணம் குடுக்கணும்னும் போடலாம். காண்ட்ராக்டர் 15 வேலை நாளுக்குள்ள அப்பீல் பண்ணலைன்னா அதுவே முடிவாயிடும். ரொம்ப மோசமான கேஸ்னா அக்யூசேஷன், அதாவது லைசன்ஸையே எடுக்கச் சொல்லி அட்டர்னி ஜெனரல் ஆபீஸ் மூலமா வழக்கு. நிர்வாக நீதிபதி முன்னாடி விசாரணை நடக்கும், நீங்க சாட்சி சொல்ல வேண்டி வரும். முடிவுல சஸ்பென்ஷன், ப்ரொபேஷன், ரத்து எதுவும் வரலாம். ரத்து ஆனவர் திரும்ப லைசன்ஸ் கேட்டு வரணும்னா குறைஞ்சது ஒரு வருஷம், அதிகபட்சம் அஞ்சு வருஷம் காத்திருக்கணும், அவரால உண்டான நஷ்டத்தையும் ஈடு கட்டியிருக்கணும்.

இதெல்லாம் மாசக்கணக்குல இழுக்கும், அக்யூசேஷன்னா இன்னும் மேல. நடுநடுவுல ஃபைல் நம்பரைப் போட்டு மரியாதையா ஒரு இமெயில் அனுப்பிட்டே இருங்க.

செட்டில்மெண்ட் பேப்பர்ல பாக்க வேண்டிய வரி

கம்ப்ளைண்ட் சூடு பிடிச்சதும் "சார் பேசி முடிச்சுக்கலாம், 20,000 தரேன், கம்ப்ளைண்டை வாபஸ் வாங்குங்க"ன்னு ஒரு பேப்பர் வரும். வாபஸ் வாங்கணும்னோ, போர்டுகிட்ட பேசக் கூடாதுன்னோ செட்டில்மெண்ட்ல போடறதே கலிபோர்னியால சட்டவிரோதம், பிசினஸ் அண்ட் ப்ரொஃபெஷன்ஸ் கோட் 143.5. அந்த வரியைப் போட்டதுக்காகவே அவர் மேல தனியா நடவடிக்கை எடுக்கலாம். பணத்தை வாங்கிக்கலாம், அந்த வரியை அடிச்சுட்டு கையெழுத்து போடுங்க. அதே பேப்பர்ல "தெரிஞ்ச தெரியாத எல்லாக் குறைக்கும் இனிமே கேக்க மாட்டேன்"னு ஒரு வரி ஒளிஞ்சிருக்கும், அது சட்டப்படி செல்லும், அதைத்தான் நிஜமா பயந்து படிக்கணும். சுவருக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாதப்ப தெரியாத குறையை விட்டுக் குடுக்கறது ரொம்பக் காஸ்ட்லி.

பணத் தண்டவாளம்

லைசன்ஸ் வச்சிருக்கற ஒவ்வொருத்தரும் 25,000 டாலர் பாண்ட் போட்டிருக்கணும், 2023-க்கு முன்னாடி அது 15,000. லைசன்ஸ் பக்கத்துல இருக்கற பாண்ட் கம்பெனிக்கு நீங்களே நேரா க்ளெய்ம் எழுதலாம். ஆனா 25,000-ங்கறது உங்க ஒருத்தருக்கு இல்ல, அந்த பாண்ட் மேல வர எல்லாருக்கும் சேர்த்து. அவர் நாலு வீட்டைச் சொதப்பியிருந்தா நாலு பேரும் அதே குடத்துக்குத்தான் கையை விடுவாங்க, சீக்கிரம் எழுதுங்க.

ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்ல தனி ஆள் 12,500 டாலர் வரைக்கும் கேக்கலாம், உள்ள வக்கீல் கிடையாது, உங்க டேபிளும் ஃபோட்டோவும் போதும். இங்கதான் ரெண்டு தண்டவாளமும் சேருது. கட்டட வேலை சம்பந்தமா காண்ட்ராக்டர் மேல வந்த தீர்ப்பை அவர் 90 நாளுக்குள்ள போர்டுக்குச் சொல்லணும், கட்டணும். கட்டாம இருந்தா தீர்ப்பு நகலை நீங்க போர்டுக்கு அனுப்பலாம், கட்டற வரைக்கும் லைசன்ஸ் சஸ்பென்ஷன்ல கிடக்கும். சஸ்பென்ஷன்ல இருக்கறவர் பெர்மிட் எடுக்க முடியாது, புது வேலை பிடிக்க முடியாது. சாதாரணமா கடன் குடுத்தவர் தீர்ப்பைக் கையில வச்சுக்கிட்டு பேங்க் அக்கவுண்டைத் தேடிட்டு அலைவார், உங்களுக்கு அந்த அலைச்சல் பாதி மிச்சம்.

நஷ்டம் பெரிய தொகைன்னா வக்கீல்தான், அதுல சுத்தி வளைச்சுப் பேச ஒண்ணும் இல்ல.

ஒரு எச்சரிக்கை, நீங்க கோவத்துல கடைசித் தவணையை நிறுத்தினா வீட்டு மேல மெக்கானிக்ஸ் லீன் (வேலை பாக்கிக்கு உங்க வீட்டையே பிணையாக்கற பதிவு) வரலாம். காண்ட்ராக்டர் மட்டும் இல்ல, அவர் காசு குடுக்காம விட்ட ப்ளம்பர், டைல் கடைக்காரங்க கூடப் போடலாம், அவங்க ஆரம்பத்துல 20 நாள் நோட்டீஸ் அனுப்பியிருந்தா. வேலை முடிஞ்சு 90 நாளுக்குள்ள லீனைப் பதிவு பண்ணணும், பதிவு பண்ணி 90 நாளுக்குள்ள கேஸ் போடணும், போடலைன்னா அது செத்த லீன், நீக்கச் சொல்லி கோர்ட்ல கேக்கலாம். தபால்ல வர அந்த நோட்டீஸைப் பாத்து பயந்து கிழிச்சுப் போடாதீங்க, யார் யாருக்குப் பாக்கி இருக்குன்னு உங்களுக்குச் சொல்ற பேப்பர் அதுதான்.

முடிவு வந்ததுக்கு அப்புறம்

சைட்டேஷன் ஆனா அவர் அதுக்குக் கட்டுப்பட்டதுலேர்ந்து அஞ்சு வருஷம் லைசன்ஸ் பக்கத்துல நிக்கும், சஸ்பென்ஷன் ஏழு வருஷம், ரத்து ஆனா எப்பவுமே. அடுத்து அவரைக் கூப்பிடப் போற குடும்பம் பாக்கறது அந்தப் பக்கத்தைத்தான்.

ஆனா லைசன்ஸ் போனவர் மனைவி பேர்லயோ, பழைய ஃபோர்மேன் பேர்லயோ புது கம்பெனி போட்டு வரது நடக்கற விஷயம்தான். லைசன்ஸ் பக்கத்துல பர்சனல் லிஸ்ட்னு ஒரு இடம் இருக்கு, யார் யார் எந்தெந்த லைசன்ஸ்ல இருந்தாங்கன்னு அதுல க்ளிக் பண்ணிக் க்ளிக் பண்ணிப் போகலாம். ரத்து ஆன லைசன்ஸ்ல பொறுப்புல இருந்தவர் இன்னொண்ணுல தலை காட்டினாலோ, லிஸ்ட்ல பேரே இல்லாம அதே ட்ரக், அதே ஆளோட பக்கத்துத் தெருவுல வேலை நடந்தாலோ, ட்ரக்ல எழுதியிருக்கற நம்பரை ஃபோட்டோ எடுத்து உங்க பழைய கேஸ் நம்பரோட போர்டுக்கு அனுப்புங்க.